வெளிநாட்டு போர்க்கப்பல் நம்ம கடலில் போகலாமா? சட்டம் சொல்வது என்ன

சுரண்டை:

சுரண்டையில் இருந்து கடல் ரொம்ப தூரம். ஆனாலும் 'இந்திய கடலுக்குள் அமெரிக்க போர்க்கப்பல்' என்று டி.வி.யில் செய்தி ஓடினால், டீக்கடை பெஞ்சில் அன்னைக்கு பூரா அதே பேச்சுதான். அப்படி வர்றதுக்கு சட்டத்தில் இடம் இருக்கா? இதோ விவரம்:

12 மைலா, 200 மைலா?

முதலில் பார்க்க வேண்டியது தூரம். கரையோர எல்லைக்கோட்டில் இருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் வரைதான் நாட்டின் சொந்த கடல். அதைத் தாண்டி 200 கடல் மைல் (சுமார் 370 கி.மீ.) வரை பொருளாதார மண்டலம். அங்கே மீனும் எண்ணெயும் நமக்கு. கப்பல் போக்குவரத்து எல்லோருக்கும் பொது.

தகவல் சொல்லணும்

12 மைலுக்குள்ளும் வெளிநாட்டு கப்பல்கள் தொந்தரவு பண்ணாமல் கடந்து போகலாம் என்கிறது 1982-ம் ஆண்டு ஐ.நா. கடல் சட்டம். வயல் வரப்பில் நடந்து போறவனை நாம தடுப்பதில்லை. அங்கேயே அடுப்பு மூட்டினா விடுவோமா? அதே கதைதான். ஆயுதப் பயிற்சி, உளவு வேலை, மீன்பிடிப்பு எதுவும் கூடாது. நீர்மூழ்கி கப்பல் என்றால் தண்ணீருக்கு மேலே வந்து, கொடியை காட்டிக்கொண்டுதான் போகணும்.

போர்க்கப்பலுக்கு இந்தியா கூடுதல் நிபந்தனை வைத்துள்ளது. 1976-ம் ஆண்டு சட்டப்படி மத்திய அரசுக்கு முன்கூட்டியே தகவல் தர வேண்டும். தகவல் போதும், அனுமதி தேவையில்லை. இலங்கை, சீனா சட்டங்களோ முன் அனுமதியே கேட்கின்றன. அமெரிக்கா இரண்டையும் ஏற்பதில்லை.

லட்சத்தீவில் நடந்தது

2021 ஏப்ரல் 7-ந்தேதி 'ஜான் பால் ஜோன்ஸ்' என்ற அமெரிக்க போர்க்கப்பல் லட்சத்தீவுக்கு மேற்கே 130 கடல் மைல் தொலைவில் சென்றது. இந்தியாவிடம் அனுமதி கேட்கவில்லை என்று அமெரிக்க கடற்படையே அறிவித்தது. அது 12 மைல் கடல் அல்ல, பொருளாதார மண்டலம். சம்மதம் இல்லாமல் அங்கே ராணுவப் பயிற்சி நடத்தக்கூடாது என்பது இந்தியாவின் நிலை. தன் கவலையை மத்திய அரசு அமெரிக்காவிடம் தெரிவித்தது.

மீறினால் என்ன?

விதியை மீறினாலும் போர்க்கப்பலை சிறைபிடிக்க முடியாது. 'உடனே வெளியே போ' என்று உத்தரவிடலாம். சேதம் ஏற்பட்டால் அந்த நாட்டு அரசுதான் பொறுப்பு.

கடற்படை வீரர்களுக்கு உள்ள இந்த பாதுகாப்பை நம்ம மீனவர் குடும்பமும் பார்த்துவிட்டது. 2012 பிப்ரவரி 15-ந்தேதி கேரள கடலில் 'என்ரிகா லெக்சி' என்ற இத்தாலி எண்ணெய் கப்பலில் காவலுக்கு நின்ற அந்நாட்டு கடற்படை வீரர்கள் சுட்டதில் 2 மீனவர்கள் பலியானார்கள். ஒருவர் குமரி மாவட்டத்துக்காரர். வீரர்கள் மீது இந்தியா வழக்கு நடத்த முடியாது, இத்தாலி இழப்பீடு தர வேண்டும் என்று 2020-ல் சர்வதேச தீர்ப்பாயம் கூறியது. இத்தாலி கொடுத்த ரூ.10 கோடியில், பலியான இருவரின் குடும்பங்களுக்கும் தலா ரூ.4 கோடி, படகு உரிமையாளருக்கு ரூ.2 கோடி என பிரிக்க 2021-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது குறிப்பிடத்தக்கது.