தண்ணீர் பாயும் வீதியில் "நில்" என்று சொல்வது யார்?



மாரி தொடங்கிவிட்டால் கல்முனைக் கரையோரத்தில் இரண்டு கேள்விகள் வீட்டுக்கு வீடு கேட்கும். "கிட்டங்கியில தண்ணி ஏறிட்டா?" என்பது ஒன்று. "முகத்துவாரம் வெட்டிட்டாங்களா?" என்பது மற்றது. இவற்றைக் கேட்டுத்தான் நாமெல்லாம் வளர்ந்தோம். நமது வெள்ளங்களின் வரலாற்றைச் சொல்லவும் இந்த இரண்டு கேள்விகளிலிருந்தே தொடங்க வேண்டும்.

நமது நிலத்தின் அமைப்பு அப்படி. கிழக்கே கடல், மேற்கே வயல்வெளி. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எல்லாம் கடலோரம் வரிசையாக இருக்கின்றன. சம்மாந்துறை வயலுக்கு அப்பால். அம்பாறை, இங்கினியாகலைப் பக்கம் பெய்கின்ற மழை இந்த வயல்வெளியில் இறங்கிக் கடலுக்கு வழி தேடும். ஆற்றில் ஓட்டம் குறைந்த மாதங்களில் கடலலை மணலைக் கொண்டுவந்து வாயை அடைத்து வைத்திருக்கும். அது திறக்கும் வரை தண்ணீர் பின்னால் ஏறிக்கொண்டே போகும். வயலும் மூழ்கும், தாம்போதியும் மூழ்கும்.

அதனால்தான் முகத்துவாரம் வெட்டுகிறோம். முன்பு மண்வெட்டியால், இப்போது இயந்திரத்தால். சிறிய வாய்க்காலாக வெட்டிவிட்டால் போதும். பாய்கிற தண்ணீரே மணலை அரித்து வாயை அகலமாக்கிவிடும். ஆனால் எப்போது வெட்டுவது? வயல்காரர் நேரத்தோடு வெட்டச் சொல்வார், பயிர் அழுகிவிடும் என்று. மீன்பிடிக்கிறவர் பொறுக்கச் சொல்வார், மீனும் இறாலும் கடலோடு போய்விடும் என்று. இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. வாய்த்தர்க்கம் நடக்கும், கூட்டம் நடக்கும், கடைசியில் ஒரு முடிவு வரும். யார் முடிவெடுப்பது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நாம் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

இது நேற்று வந்த பழக்கமல்ல. ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில் 1856 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் வந்தது. தண்ணீர் விடயத்தில் கமக்காரர்களின் பழைய வழக்கங்களுக்கு மீண்டும் உயிர் கொடுப்பதே அதன் நோக்கம். இறக்காமம், அம்பாறைக் குளங்கள் திருத்தப்பட்டதும் அந்தக் காலத்தில்தான். நமது வட்டை விதானைமார் இந்த மரபில் வந்தவர்கள். எந்த மதகை எப்போது திறப்பது, எந்த வாய்க்காலை யார் துப்புரவாக்குவது என்று சொல்ல ஓர் ஆள் இருந்தார். அவர் சொன்னால் கேட்டார்கள்.

பிறகு வந்தது 1957 டிசம்பர். மூத்தவாப்பாமார் "ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளம்" என்று சொல்வது இதைத்தான். அப்போது அம்பாறை தனி மாவட்டமாக இருக்கவில்லை; 1961 இல்தான் பிரிந்தது. நமக்குக் கச்சேரி மட்டக்களப்பில் இருந்தது. நாட்டின் பல பகுதிகளில் குளக்கட்டுகள் உடைந்தன, வீதிகள் அறுந்தன, இலட்சக்கணக்கானோர் வீடிழந்தனர். 1978 நவம்பர் 23 ஆம் திகதி இரவு சூறாவளி வந்தது. தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. தென்னந்தோட்டங்கள் விழுந்து கிடந்ததைக் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

2004 டிசம்பர் 26 ஐப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. நாட்டில் மிக அதிகமானோரை இழந்தது நமது மாவட்டம். அதற்குப் பிறகுதான் 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டமும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் வந்தன. 2011 ஜனவரியில் பெருவெள்ளம் வந்தபோது பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். பெப்ரவரியில் மீண்டும் வெள்ளம். பெரும்போக நெல் வயலிலேயே அழுகியது. பாடசாலைகளும் பள்ளிவாசல்களும் முகாம்களாகின. சமைத்த உணவு கொடுக்க, உடுப்புச் சேர்க்க நமது ஊர்களுக்கு நன்றாகத் தெரியும். அல்ஹம்துலில்லாஹ், அதில் நாம் ஒருபோதும் பின்நின்றதில்லை.

ஆனால் 2024 நவம்பர் 26?

முதல் நாள்தான் உயர்தரப் பரீட்சை தொடங்கியிருந்தது. பின்னர் பெங்கல் என்று பெயர் பெற்ற தாழமுக்கம் பற்றிய அறிவித்தல் எல்லோருடைய கைத்தொலைபேசியிலும் இருந்தது. 1957 இல் இல்லாத அத்தனையும் நம்மிடம் இருந்தன. அன்று நிந்தவூரில் ஓதிக்கொண்டிருந்த பிள்ளைகள் சம்மாந்துறைக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். மாவடிப்பள்ளியில் வீதியை மேவிப் பாய்ந்த தண்ணீர் அவர்கள் வந்த உழவு இயந்திரத்தை இழுத்துச் சென்றது. ஆறு மாணவர்கள் உட்பட எட்டுப் பேர் மௌத்தானார்கள். மறுநாள் தொடக்கம் பரீட்சை இடைநிறுத்தப்பட்டது.

யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அந்தப் பிள்ளைகளை அனுப்பியவர்களும் ஏற்றிச் சென்றவர்களும் நன்மையை நாடியே செய்தார்கள். நாங்கள் ஆசிரியர்களும் இதையேதான் செய்கிறோம். மழை கடுத்தால் நேரத்தோடு பாடசாலையை விட்டுவிடுகிறோம். பிள்ளை வீட்டுக்குப் போனால் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். கேற்றைப் பூட்டியதும் பொறுப்பு முடிந்தது என்று எண்ணுகிறோம். வெள்ள நாளில் மிகவும் ஆபத்தான இடம் பாடசாலைக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள வீதி என்பதை எட்டு ஜனாஸாக்கள் எங்களுக்குச் சொல்லிவிட்டுப் போயின.

உழவு இயந்திரத்தின் பெரிய சக்கரம் நமக்கு ஒரு பொய்யான தைரியத்தைத் தருகிறது. பாயும் தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஓர் அடித் தண்ணீரிலேயே சிறிய கார் மிதக்கத் தொடங்கும். இரண்டடி பாய்ந்தால் பெரும்பாலான வாகனங்களை இழுத்துவிடும். பின்னால் பூட்டிய பெட்டி அகலமானது. தண்ணீர் அதைப் பக்கவாட்டில் தள்ளும்போது முன்னால் உள்ள இயந்திரமும் சேர்ந்தே போகும். கலங்கிய தண்ணீருக்குக் கீழே வீதி இருக்கிறதா, அரித்துக்கொண்டு போய்விட்டதா என்றும் தெரியாது.

முகத்துவாரத்துக்கு ஒரு முடிவெடுக்கிற ஆள் இருந்தார். மதகுக்கு விதானை இருந்தார். தண்ணீர் ஏறிய வீதிக்கு யார்? "இதற்கு மேல் ஒருவரும் போகக் கூடாது" என்று சொல்லி மறிக்க யார் நிற்பது? மழை வந்த பிறகு இதைப் பேசிக்கொண்டிருக்க நேரமிருக்காது. ஒக்டோபரிலேயே பேசி முடிக்க வேண்டும்.

நம்மால் செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல:

தாழ்ந்த வீதி ஒவ்வொன்றிலும் அடிக்கணக்கு எழுதிய ஒரு கம்பம் நட வேண்டும். எந்தக் கோட்டைத் தொட்டால் வீதி மூடப்படும் என்பதைக் கிராம உத்தியோகத்தர், பொலிஸ், பள்ளிவாசல், கோயில் நிர்வாகங்கள் சேர்ந்து முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். மூடியதும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டும்.

வகுப்பாசிரியர் ஒவ்வொருவரும் எந்தப் பிள்ளை எந்தத் தாம்போதியைக் கடந்து வருகிறது என்று பெயர்ப் பட்டியல் எடுத்து வைக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் அந்தப் பிள்ளைக்குச் சாச்சி, மாமி வீடு இருக்கிறதா என்றும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். வீதி மூடினால் பிள்ளை அங்கே தங்கலாம். இல்லாவிட்டால் பாடசாலையிலேயே, மத்ரஸாவிலேயே தங்கட்டும். ஓர் இரவுக்கு அரிசியும் பருப்பும் பாயும் வைத்திருப்பது நமக்குக் கஷ்டமா?

பெற்றோரிடமும் ஒன்று கேட்கிறோம். "பிள்ளைய எப்படியாவது அனுப்பிவிடுங்க சேர்" என்று அந்த நேரத்தில் சொல்லாதீர்கள். "அங்கேயே வைத்திருங்க, தண்ணி வடிஞ்ச பிறகு வாறோம்" என்று சொல்லுங்கள். அவசரமென்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தை அழையுங்கள். தண்ணீர் வடிந்த பிறகு கிணற்றுக்குக் குளோரின் போடாமல் குடிக்க வேண்டாம். வயலில் இறங்குவோர் எலிக்காய்ச்சல் மாத்திரை பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. இந்த மாரியில் கம்பம் நடுவதும் பட்டியல் எடுப்பதும் நமக்கு ஒட்டகத்தைக் கட்டுவதுதான்.

மாவடிப்பள்ளியில் போன பிள்ளைகளையும் மற்றவர்களையும் அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக. அவர்களுடைய உம்மா, வாப்பாமாருக்குப் பொறுமையைத் தருவானாக. எங்கள் பாடசாலையில் பட்டியல் எடுக்கத் தொடங்கிவிட்டோம். உங்கள் பாடசாலையிலும் தொடங்கினால் கீழே ஒரு வரி எழுதுங்கள்.