முறிந்த கடைப்பகுதியும் முன்மொழியப்பட்ட தொகுதியும்: சிபோக்ளினம் புழுவின் வகைப்பாட்டு வரலாறு (1914–2004)

ஆய்வுச்சுருக்கம்

1914-இல் பெயரிடப்பட்ட சிபோக்ளினம் என்னும் ஆழ்கடற்புழு, நுண்முட்கள் கொண்ட பாலிகீட்டா புழுக்களுள் ஒன்று என்பது பரவலாக ஏற்கப்பட எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் அதனை உள்ளடக்கிய கூட்டம் விலங்குலகின் தனித்தொகுதியாகக் கருதப்பட்டது. இத்தாமதத்திற்கு ஆய்வாளர்தம் கவனக்குறைவைக் காட்டிலும், அவர்களுக்குக் கிடைத்த மாதிரிகள் பெரும்பாலும் கடைப்பகுதி முறிந்தவையாக இருந்தமையே முதன்மைக் காரணம் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: பாலிகீட்டா, சிபோக்ளினிடே, போகோனோஃபோரா, வகைமாதிரி, சிற்றின விவரிப்பு.

விவரிப்பும் முறிந்த மாதிரியும்

புதிய சிற்றினம் ஒன்றை அறிவியலுக்கு அறிமுகப்படுத்துவோர் அதற்குப் பெயரிடுவதோடு, வகைமாதிரியைச் சுட்டி, உடலமைப்பை விவரித்து, உறவினங்களிலிருந்து அது வேறுபடும் இடத்தையும் காட்ட வேண்டும். பாலிகீட்டாக்களைப் பொறுத்தவரை இப்பணியில் ஒரு நடைமுறை இடர் உண்டு. நீண்டு மெலிந்த இவற்றின் உடல், வலையிலோ சல்லடையிலோ எளிதில் முறிந்துவிடும். எனவே முன்பகுதி மட்டுமே கொண்ட மாதிரியை வைத்து எழுதப்பட்ட விவரிப்புகள் இத்துறையில் ஏராளம். தலையும் முதற்சில கண்டங்களும் அவற்றிலுள்ள நுண்முட்களும் (சீட்டாக்கள்) இனங்காணப் பெரும்பாலும் போதுமானவையாதலால், இக்குறை பொதுவாகப் பெரிதாகத் தோன்றுவதில்லை. போதாமற்போன ஒரு நேர்வே இங்கு ஆராயப்படுகிறது.

சிபோகா கப்பலின் மாதிரிகள்

டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளின், அதாவது இன்றைய இந்தோனேசியாவின், கடல்களை ஆராய 1899–1900 ஆண்டுகளில் சிபோகா என்னும் போர்ப்படகு அனுப்பப்பட்டது. விலங்கியலாளர் மாக்ஸ் வெபர் அப்பயணத்திற்குத் தலைமை தாங்கினார். கடற்பாசி அறிஞரான அவருடைய மனைவி அன்னா வெபர்–வான் போசேயும் உடன் சென்றார். ஆழ்கடல் இழுவலைகளில் கிடைத்தவற்றுள் நூல் போன்ற மெல்லிய புழுக்களும் இருந்தன. அவற்றை ஆராய்ந்த பிரெஞ்சு விலங்கியலாளர் மொரீஸ் கோலெரி, 1914-இல் சிபோக்ளினம் வெபெரி எனப் பெயரிட்டார். பேரினப் பெயர் கப்பலையும் நூலிழையையும் குறிப்பது. சிற்றினப் பெயர் பயணத்தலைவரைப் போற்றுவது.

குழலுக்குள் வாழும் அவ்வுயிரிக்கு ஒற்றை உணர்நீட்சி இருந்தது. வாய் இல்லை, உணவுக்குடல் இல்லை, கழிவாயும் இல்லை. இத்தகையதை எத்தொகுதியில் சேர்ப்பது? கோலெரி அவசரப்படவில்லை. சிபோக்ளினிடே என்ற குடும்பத்தை நிறுவி, அதனை முதுகெலும்பற்றவற்றின் ஒரு புதிய வகை என்ற அளவில் தம் கட்டுரைத் தலைப்பிலேயே குறித்தார். குடும்பப் பெயரை மட்டும் தந்து நிறுத்திய இந்த அடக்கம் பிற்காலத்தில் எதிர்பாராத பயன் தந்தது.

ஒரு பாலிகீட்டா தொகுதியாக உயர்ந்தமை

1933-இல் சோவியத் அறிஞர் பாவெல் உஷாகோவ், ஒக்கோத்ஸ்க் கடலிலிருந்து கிடைத்த மற்றொரு குழற்புழுவை லாமெலிசபெல்லா சாக்சி எனப் பெயரிட்டு விவரித்தார். அவர் அதனைச் சபெல்லிடே என்னும் பாலிகீட்டா குடும்பத்திலேயே சேர்த்தார். விசிறி போன்ற உணர்நீட்சிகளையுடைய சபெல்லிட் புழுக்களோடு அதற்கிருந்த தோற்ற ஒற்றுமை பேரினப் பெயரிலும் பதிவாகியுள்ளது. ஆயினும் அம்முடிவு நெடுங்காலம் நிலைக்கவில்லை. அதே சிற்றினத்தின் உள்ளமைப்பை ஆராய்ந்த சுவீடன் நாட்டு அறிஞர் யோஹான்சன், 1937-இல் அதற்கெனப் புதிய வகுப்பொன்றை நிறுவினார். ‘தாடி தாங்கி’ எனப் பொருள்படும் அப்பெயர், 1944-இல் பெக்லெமிஷெவின் கையில் போகோனோஃபோரா என்னும் தனித்தொகுதியாயிற்று. சிபோக்ளினமும் இக்கூட்டத்தைச் சார்ந்ததே என 1951-இல் இவானோவ் காட்டினார். தனித்தனியே விவரிக்கப்பட்ட இரு புழுக்கள் இவ்வாறு ஒரு கூரையின்கீழ் வந்தன. ஆனால் அக்கூரை பாலிகீட்டாவுடையது அன்று.

லெனின்கிராட்டில் பணியாற்றிய ஆர்தெமி இவானோவ், வீத்தியாஸ் ஆய்வுக்கப்பல் திரட்டிய வளமான மாதிரிகளைக் கொண்டு இவ்வுயிரிகளைப் பற்றிப் பெருநூல் எழுதினார். 1960-இல் உருசிய மொழியிலும் 1963-இல் ஆங்கிலத்திலும் வெளிவந்த அந்நூல், உடலமைப்பு விவரிப்பில் இன்றும் மதிக்கத்தக்கது. அதன் வகைப்பாட்டு முடிவுதான் தவறியது. அவர் கண்ட உடல் மூன்று பகுதிகளாக அமைந்திருந்தது: உணர்நீட்சி தாங்கும் முன்பகுதி, குறுகிய இரண்டாம் பகுதி, மிக நீண்ட மூன்றாம் பகுதி. ஒவ்வொன்றிலும் தனி உடற்குழி. இம்மும்மை அமைப்பு, அரைநாணிகளையும் நட்சத்திர மீன்களையும் முதுகெலும்பிகளையும் உள்ளடக்கிய டியூட்டிரோஸ்டோம் கிளையின் அடிப்படை அமைப்பாகக் கருதப்பட்டது. ஆகவே போகோனோஃபோராவும் அக்கிளையில் வைக்கப்பட்டது.

இங்கிருந்து மற்றொரு விளைவும் பிறந்தது. வாயும் குடலும் இல்லாத விலங்கில் முதுகுப்புறம் எது, வயிற்றுப்புறம் எது என்பதை நேரடியாக அறிய இயலாது. நரம்பு வடம் ஓடும் புறத்தை இவானோவ் முதுகுப்புறமாகக் கொண்டார். வளைத்தசைப் புழுக்களில் நரம்பு வடம் வயிற்றுப்புறத்திலேயே அமையும். அதாவது, ஏறத்தாழ ஒரு தலைமுறைக்காலம் இப்புழு நூல்களின் படங்களில் மல்லாந்து கிடந்தது எனலாம்.

உடலின் நடுப்பகுதியில் வளையமாக அமைந்த நுண்முட்கள் அப்போதே அறியப்பட்டிருந்தன என்பதையும் குறிப்பிட வேண்டும். மூன்று என்னும் எண்ணிக்கை தந்த உறுதிக்கு முன் அச்சான்று எடுபடவில்லை.

1964: நான்காம் பகுதி

நோர்வேயின் பெர்கன் வட்டாரத்து ஃபியோர்டிலிருந்து சிபோக்ளினம் ஃபியோர்டிகம் என்ற சிற்றினத்தை 1963-இல் விவரித்தவர் மைக்கேல் வெப். மறு ஆண்டே, அதன் கடைப்பகுதியைப் பற்றி மட்டும் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். இவ்வரலாற்றின் திருப்புமுனை அதுவே. முழுமையாகக் கிடைத்த மாதிரிகளில், நீண்ட உடற்பகுதிக்குப் பின்னால் இதுவரை எவரும் கணக்கில் கொள்ளாத குறுகிய கடைப்பகுதி ஒன்று காணப்பட்டது. அது பல கண்டங்களாகப் பகுக்கப்பட்டிருந்தது. கண்டங்களில் நுண்முட்கள் இருந்தன. கண்டங்களை இடைச்சுவர்கள் பிரித்தன. பாலிகீட்டா ஒன்றின் உடலை விவரிக்கும் மாணவர் எழுதத்தக்க சொற்கள் இவை.

அப்பகுதி ஏன் அதுவரை தென்படவில்லை என்பதற்கு விடை, புழுவின் வாழ்முறையிலேயே உள்ளது. குழலின் கீழ்முனை சேற்றில் ஆழப் புதைந்திருக்கும். கடைப்பகுதி அங்கே நங்கூரம் போலப் பற்றி நிற்கும். இழுவலை மேலே இழுக்கும்போது, பற்றி நிற்கும் பகுதி சேற்றிலேயே தங்க, மெல்லிய உடல் அறுந்து வந்தது. வலையில் வந்தது மூன்று. கடலில் நின்றது நான்காவது. அறிஞர்கள் எண்ணியது தவறன்று, எண்ணப்பட்ட பொருளே குறையுடையது.

இக்கண்டுபிடிப்பால் தொகுதி உடனே வீழ்ந்துவிடவில்லை. ஒரு பெயர் பாடநூல்களில் வேரூன்றிவிட்டால் எதிர்ச்சான்று எளிதில் அதனை அசைப்பதில்லை. மாறாக, உயர்நிலைப் பெயர்கள் மேலும் பெருகின. 1977-இல் கலாபகோஸ் பிளவில், ஏறத்தாழ 2,500 மீட்டர் ஆழத்துக் கடலடி வெந்நீர் ஊற்றுகளைச் சூழ்ந்து செந்நிறக் கொத்துகளோடு நின்ற பெரும் குழற்புழுக்கள் காணப்பட்டன. 1981-இல் மெரிடித் ஜோன்ஸ் அவற்றை ரிஃப்டியா பாக்கிப்டிலா எனப் பெயரிட்டார். குடலற்ற அவ்வுயிரி, உடலுக்குள் வாழும் கந்தக ஆக்ஸிஜனேற்ற பாக்டீரியாக்களால் ஊட்டம் பெறுகிறது என்பது அதே ஆண்டில் வெளிப்பட்டது. கோலெரி எதிர்கொண்ட புதிருக்கு இது விடையாக அமைந்தது. ஜோன்ஸோ 1985-இல் இவற்றுக்கு வெஸ்டிமென்டிஃபெரா என்ற மற்றொரு தொகுதியைப் படைத்தார். கண்டங்களும் நுண்முட்களும் தெரிந்திருந்த நிலையில் எடுக்கப்பட்ட இம்முடிவை, மாதிரிக் குறையால் நேர்ந்த முந்தைய பிழையோடு ஒன்றாக மதிப்பிட இயலாது. உருவப் பருமையும் வாழிட வியப்பும் இதில் பங்காற்றியிருக்கக்கூடும். 1980-களின் இறுதியில், இவற்றின் இளநிலைகளில் வாயும் குடலும் தற்காலிகமாக உள்ளன என ஜோன்ஸும் கார்டினரும் காட்டியபோது, நரம்பு வடம் வயிற்றுப்புறத்தது என்பதில் ஐயத்திற்கு இடமின்றிப் போயிற்று.

குடும்பப் பெயரின் மீட்சி

1995-இல் பார்தொலோமேயஸ் நுண்முட்களின் அமைப்பையும் உருவாக்கத்தையும் ஒப்பிட்டு, போகோனோஃபோராவின் இடம் பாலிகீட்டாக்களிடையே என வாதிட்டார். 1997-இல் மெக்ஹ்யூ மரபணு வரிசைகளைக் கொண்டும், ரவுஸ், ஃபவுசால்ட் இருவரும் உடலமைப்புப் பண்புகளின் கிளைவழிப் பகுப்பாய்வைக் கொண்டும் ஒரே திசையில் முடிவு கண்டனர். இரு தொகுதிகளும் ஒரு குடும்பமாகச் சுருங்கின. பின்னையோர் அக்குடும்பத்தைச் சபெல்லிடேக்கு அருகிலேயே வைத்தமை, 1933-இல் உஷாகோவ் கொண்ட கருத்தை நினைவூட்டுகிறது. அந்நெருங்கிய உறவைப் பிற்கால மரபணு ஆய்வுகள் அப்படியே ஏற்கவில்லை. எனினும் பாலிகீட்டா என்ற அவருடைய தீர்ப்பு நிலைத்தது.

பெயர் எது என்பதில் சிக்கல் எழவில்லை. விலங்கியற் பெயரிடல் விதிகளின் முன்னுரிமைக் கோட்பாடு குடும்ப நிலை வரையிலான பெயர்களையே கட்டுப்படுத்தும். தொகுதிப் பெயர்களுக்கு அது பொருந்தாது. தொகுதி குடும்பமாக இறங்கியவுடன் விதி செயற்படத் தொடங்கியது. போகோனோஃபோராவும் வெஸ்டிமென்டிஃபெராவும் முறையான நிலையை இழக்க, கோலெரி 1914-இல் தந்த சிபோக்ளினிடே என்பதே உரிய பெயராயிற்று.

2002-இல் கலிபோர்னியாவின் மான்டெரே வளைகுடாவில், 2,891 மீட்டர் ஆழத்தில் கிடந்த சாம்பல் திமிங்கிலத்தின் எலும்புகளில் வேர் போன்ற திசுவை ஊன்றி வாழும் புழுக்கள் காணப்பட்டன. 2004-இல் ரவுஸ், கோஃப்ரெடி, விரிஜென்ஹுக் ஆகியோர் ஓசெடாக்ஸ் என்ற புதிய பேரினத்தையும் அதில் இரு சிற்றினங்களையும் விவரித்து, அவற்றை நேரே சிபோக்ளினிடே குடும்பத்தில் சேர்த்தனர். முதிர்ந்த பெண் புழுவுக்கு வாய் இல்லை, குடல் இல்லை, கண்டங்கள் இல்லை, நுண்முட்களும் இல்லை. 1937-ஆம் ஆண்டாயின் இதுவும் ஒரு வகுப்பாகியிருக்கும். அதன் குழலுக்குள் வாழும், நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் குறு ஆண் புழுக்களின் கடைமுனையில் கொக்கி வடிவ நுண்முட்கள் இருந்தன.