பெங்களூரு மாநகராட்சிக் கூட்டத்தில் நீங்கள் பேச முடியுமா?

வீட்டு வாசலில் மூன்று மாதமாகத் தோண்டிப் போட்ட பள்ளம். ஆப்பில் புகார் போட்டாச்சு, 'தீர்க்கப்பட்டது' என்று மெசேஜும் வந்தாச்சு. பள்ளம் மட்டும் அப்படியே இருக்கிறது. பெங்களூரில் வேலை பார்க்கும் யாருக்கும் இது புதுக் கதை இல்லை.

அமெரிக்க ஊர்களின் கவுன்சில் கூட்ட வீடியோக்களை ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள். யாரோ ஒருவர் மைக் முன்னால் வந்து நிற்பார், இரண்டு மூன்று நிமிடம் மேயரை வறுத்தெடுப்பார், நன்றி சொல்லிவிட்டுப் போவார். 'இங்கே ஏன் இப்படி இல்லை?' என்று தோன்றியிருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

மன்றக் கூட்டத்தில் என்ன நடக்கும்?

நம் ஊர் மாநகராட்சி மன்றக் கூட்டம் கவுன்சிலர்கள் பேசும் இடம். எம்.எல்.ஏ., எம்.பி.க்களுக்கும் அதில் இடம் உண்டு. நீங்கள் அனுமதி பெற்றுப் பார்வையாளராக உட்காரலாம், எழுந்து பேச முடியாது. உங்கள் தெருப் பிரச்சினை அங்கே ஒலிக்க வேண்டுமென்றால், உங்கள் வார்டு கவுன்சிலர் அதை எழுப்ப வேண்டும்.

பெங்களூரில் சிக்கலே இங்கேதான். பிபிஎம்பி மன்றத்துக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2015இல். அந்த மன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் நடக்கவில்லை, நிர்வாகி என்ற பெயரில் அதிகாரிகளே நகரத்தை நடத்தினார்கள். வார்டு எண்ணிக்கை 198இலிருந்து 243, பிறகு 225 என்று மாறிக்கொண்டே இருந்தது, வழக்குகளும் நீண்டன. 2021-22 முதல் 2025-26 வரை ஐந்து பட்ஜெட்டுகள் ஒரு கவுன்சிலர்கூட கேள்வி கேட்காமல் வந்து போயின. கடைசி பட்ஜெட்டின் அளவு மட்டும் சுமார் 19,900 கோடி ரூபாய். நீங்கள் கட்டும் சொத்து வரி, அல்லது உங்கள் வாடகையிலிருந்து ஓனர் கட்டும் வரி, இதில்தான் போய்ச் சேருகிறது.

(சென்னைக்காரர்கள் ரொம்பப் பெருமைப்பட வேண்டாம். அங்கேயும் 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரித் தேர்தல் வரை மன்றம் இல்லை.)

இப்போது பிபிஎம்பியும் இல்லை. 'கிரேட்டர் பெங்களூரு ஆளுகைச் சட்டம், 2024' 2025 மே மாதம் அமலுக்கு வந்தது. செப்டம்பரில் நகரம் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்தது: மத்திய, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு. ஐந்துக்கும் மேலே முதலமைச்சர் தலைமையில் கிரேட்டர் பெங்களூரு ஆணையம். ஒயிட்ஃபீல்டோ மாரத்தஹள்ளியோ என்றால் நீங்கள் கிழக்கு, அல்சூர் என்றால் மத்திய மாநகராட்சி. 2025 நவம்பரில் இறுதியான பட்டியல்படி மொத்தம் 369 வார்டுகள். ஐந்து மாநகராட்சிகளும் பிறந்தபோது ஐந்திலும் ஒரு கவுன்சிலர்கூட கிடையாது. தேர்தல் முடிந்து மன்றம் கூடும்வரை எல்லாம் அதிகாரிகள் கையில்தான்.

அப்போ எங்கேதான் பேசுவது?

வார்டு கமிட்டியில். கன்னடத்தில் வார்டு சமிதி.

ஊரில் கிராம சபையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் மூன்று லட்சம் மக்களுக்கு மேல் உள்ள நகரங்களில் வார்டு கமிட்டிகள் வேண்டும் என்று 1992இலேயே சொல்லிவிட்டது. பெங்களூரில் அது காகிதத்திலிருந்து இறங்கி வரக் காரணமாக இருந்தது குப்பை. 2012இல் மாவள்ளிபுரா குப்பைக் கிடங்கு மூடப்பட்டு நகரமே நாறியபோது, அந்தக் குப்பை வழக்கை விசாரித்த கர்நாடக உயர் நீதிமன்றம்தான் 'வார்டு கமிட்டி எங்கே?' என்று விடாமல் கேட்டது. 2016இல் விதிகள் வந்தன. கவுன்சிலர் தலைவர், பத்து உறுப்பினர்கள், அதில் குறைந்தது மூன்று பெண்கள், இரண்டு பட்டியல் சாதி/பழங்குடியினர், இரண்டு குடியிருப்போர் சங்கப் பிரதிநிதிகள். மாதத்தின் முதல் சனிக்கிழமை கூட்டம் என்ற வழக்கமும் வந்தது.

மன்றம் காலாவதியான பிறகும் வார்டுக்கு ஒரு நோடல் அதிகாரியை வைத்துக் கூட்டங்களைத் தொடரச் சொன்னார்கள். சில வார்டுகளில் ஒழுங்காக நடந்தது, பல இடங்களில் பெயருக்கு. புதிய சட்டத்திலும் வார்டு கமிட்டி உண்டு, கவுன்சிலரே தலைவர். எனவே முதல் வேலை, உங்கள் புதிய வார்டு எது என்று தெரிந்துகொள்வது. பழைய எண்ணை நம்பாதீர்கள், எல்லை மாறியிருக்கும். அடுத்து வார்டு இன்ஜினியர் அலுவலகத்துக்கு ஒரு நடை போய் மூன்று கேள்வி கேளுங்கள்: இந்த வார்டுக்குக் கமிட்டி இருக்கிறதா, அடுத்த கூட்டம் எப்போது, போன கூட்டத்தின் மினிட்ஸ் எங்கே.

மூன்றாவது கேள்விதான் முக்கியம். கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டுவார்கள், 'மாடோணா சார்' என்பார்கள். மினிட்ஸில் ஏறாத பேச்சுக்கு அடுத்த மாதம் ஆதாரம் கிடையாது. அதனால் பேசப் போகும்போதே ஒரு பக்க மனுவாக எழுதிக்கொண்டு போங்கள். இடம், பிரச்சினை, ஏற்கெனவே கொடுத்த புகார் எண், என்ன வேலை எந்தத் தேதிக்குள் வேண்டும், அவ்வளவுதான். இரண்டு காப்பி எடுத்து, ஒன்றில் முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். தனியாகப் போவதைவிட அப்பார்ட்மென்டில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போனால் பதிலின் தொனியே வேறாக இருக்கும். வாடகைக்குத்தானே இருக்கிறோம் என்று தயங்க வேண்டாம், பள்ளத்தில் விழும் பைக்குக்கு ஓனர், வாடகை வித்தியாசம் தெரியாது.

கூட்டம் கன்னடத்தில்தான் நடக்கும். பயப்பட ஒன்றுமில்லை. 'நம்ம ரஸ்தெயல்லி லைட் இல்லா சார்' என்பது புரிய அகராதி தேவையா? தப்பும் தவறுமாகவாவது கன்னடத்தில் தொடங்குங்கள். மனுவைக் கன்னடம் தெரிந்த நண்பரிடம் எழுதி வாங்கினால் இன்னும் நல்லது.

மினிட்ஸ் தர மறுத்தால்?

தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வர வேண்டும். கர்நாடகத்தில் ஒரு சிறப்பு விதி உண்டு: ஒரு மனுவில் ஒரே ஒரு விஷயம், அதுவும் 150 சொற்களுக்குள். நம் ஊர்ப் பழக்கத்தில் பத்துக் கேள்வியை அடுக்கினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 'இந்த வார்டின் கடந்த ஆறு மாத வார்டு கமிட்டி மினிட்ஸ் நகல்' என்று மட்டும் கேளுங்கள். அந்தத் தெருப் பள்ளத்துக்கு ஒர்க் ஆர்டர், பில் வேண்டுமென்றால் அது தனி மனு.

எதை அங்கே கேட்கக் கூடாது?

குடிநீர், சாக்கடை என்றால் குடிநீர் வாரியம், எண் 1916. கரன்ட் என்றால் பெஸ்காம், 1912. ரோடு, குப்பை, தெருவிளக்கு, நடைபாதை, பூங்கா ஆகியவைதான் மாநகராட்சி வேலை, அதற்கு 1533.

மேம்பாலம் மாதிரி பெரிய திட்டங்களும் வார்டு கமிட்டியில் முடிவாவதில்லை. பசவேஸ்வரா சர்க்கிளிலிருந்து ஹெப்பால் வரை இரும்பு மேம்பாலம் கட்டும் திட்டம், மேம்பாட்டு ஆணையமான பிடிஏ வழியாக வந்தது. 2016 அக்டோபரில் ஆயிரக்கணக்கானவர்கள் சாலையோரம் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்றார்கள். 2017 மார்ச்சில் அரசே அதைக் கைவிட்டது. தெருவில் இறங்கித்தான் அதைத் தடுக்க முடிந்தது. ஆனால் ஒவ்வொரு தெருவிளக்குக்கும் மனிதச் சங்கிலி அமைக்க முடியாது இல்லையா?

பட்ஜெட் நேரம்

ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலத்தைக் கவனியுங்கள். அப்போதுதான் அடுத்த ஆண்டுக்கான பணம் பிரிக்கப்படும். பெங்களூரில் ஜனாக்ரஹா அமைப்பு மாநகராட்சியோடு சேர்ந்து 'மை சிட்டி மை பட்ஜெட்' என்ற பெயரில் மக்களிடம் யோசனைகள் கேட்டு வந்திருக்கிறது. புனே மாநகராட்சி 2006 முதலே மக்கள் சொல்லும் சிறு வேலைகளைப் பட்ஜெட்டில் சேர்க்கிறது. ஏப்ரலில் போய் நடைபாதை கேட்டால் 'ஃபண்ட் இல்லை' என்ற பதில் வரலாம். அதே கோரிக்கையை ஜனவரியிலேயே எழுத்தில் வையுங்கள்.

கடைசியாக ஒன்று. ஆதார் முகவரி பெங்களூரில், ஓட்டு மட்டும் திருநெல்வேலியில் என்று நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம். ஊரில் ஓட்டுப் போடுவது உங்கள் விருப்பம், ஆனால் ஒருவருக்கு ஓர் இடத்தில்தான் ஓட்டு. 2015 தேர்தலில் இந்த நகரத்தில் பாதிப் பேர்கூட வாக்களிக்கவில்லை. இங்கேதான் இருக்கப் போகிறீர்கள் என்றால் முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8, முதல்முறை பதிவு என்றால் படிவம் 6. இரண்டையும் தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் இணையதளத்தில் போனிலிருந்தே நிரப்பலாம். தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு ஓடாதீர்கள், பட்டியலில் பெயர் ஏற நேரம் பிடிக்கும்.