பாடசாலைத் தோட்டமும் சிறுவரின் உணவும்: ஒரு வரலாற்று நோக்கு

கல்வி என்றதும் ஏடும் எழுத்துமே நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயினும் காய், கனி, கீரை என்பவற்றைச் சிறுவருக்குப் பழக்குதலும் பாடசாலையின் பணிகளுள் ஒன்று என்னுங் கருத்து நெடுநாளாக நிலவி வருவதாகும். அப்பணி இலங்கையில் எவ்வாறு தொடங்கிற்று, ஏன் ஆழ வேரூன்றவில்லை என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஜேர்மனியக் கல்வியியலாளரான பிரெட்றிக் புரோபெல் 1840 ஆம் ஆண்டிலே தமது சிறுவர் பள்ளிக்குக் 'குழந்தைகள் தோட்டம்' எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். அது வெறும் உருவகமன்று. ஒவ்வொரு குழந்தைக்குந் தனக்கெனச் சிறு பாத்தியொன்று இருத்தல் வேண்டும். அவற்றோடு பொதுப் பாத்திகளும் அமைந்து, அங்கு மலரும் மரக்கறியும் வளர்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. அவருடைய எண்ணத்திலே தோட்டம் குழந்தைக்காகவே அமைந்தது. பின்னர் அரசுகள் இதனைக் கையேற்றன. 1869 ஆம் ஆண்டின் ஒஸ்திரியக் கல்விச் சட்டம் கிராமப் பாடசாலைகளுக்குத் தோட்டத்தையும் வேண்டிற்று. அரசின் கைக்கு வந்தபின் தோட்டத்தின் நோக்கமுஞ் சிறிது சிறிதாக மாறலாயிற்று.

இலங்கையிற் பாடசாலைத் தோட்டத் திட்டம் 1901 ஆம் ஆண்டிலே பேராதனைத் தாவரவியற் பூங்காவின் ஆதரவுடன் தொடங்கப்பெற்றது. அக்காலத்திற் பூங்காவின் பணிப்பாளராக விளங்கியவர் ஜே. சி. வில்லிஸ். பாடசாலைத் தோட்டங்களின் மேற்பார்வையாளராகக் கடமையாற்றிய சி. டிறீபேக், 1904 ஆம் ஆண்டிலே தேசாதிபதி சேர் ஹென்றி பிளேக் காலத்தில் நிறுவப்பட்ட இலங்கை விவசாயச் சங்கத்தின் செயலாளராகவும் பணிபுரிந்தார். தோட்டப் பணியும் விவசாய விருத்தியும் ஒருவர் பொறுப்பிலேயே இணைந்திருந்தமை கருதத்தக்கது. புதிய பயிர்களும் புதிய முறைகளும் மாணவர் வழியாக அவர்தம் வீட்டுக்கும், வீட்டின் வழியாக ஊருக்கும் பரவும் என எதிர்பார்க்கப்பட்டது. மாணவன் இங்கு உண்பவனாகவன்றிப் பரப்புபவனாகவே கருதப்பட்டான்.

இத்திட்டத்திலே ஒரு முரண்பாடு உண்டு. கிராமத்துச் சிறுவன் காய்கனிகளை அறியாதவனல்லன். நாவலும் விளாவும் பாலையும் எப்பருவத்திற் பழுக்கும் என்பதையும், வல்லாரை எங்கே படரும் என்பதையும் அவன் பாடசாலைக்கு வருமுன்னரே அறிந்திருந்தான். ஆனால் அவ்வறிவு கல்வியென மதிக்கப்படவில்லை. அறிமுகஞ்செய்ய முற்பட்டோர், அறிமுகம் பெறுவோருக்கு முன்னரே தெரிந்திருந்தவை யாவை என வினவவில்லை.

அடுத்த கட்டம் 1932 ஆம் ஆண்டிலே கண்டி மாவட்டத்து ஹந்தெஸ்ஸவில் ஆரம்பிக்கப்பட்ட கிராமியக் கல்வித் திட்டமாகும். அக்காலத்துக் கல்வி மந்திரி சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா இதற்குப் பேராதரவு நல்கினார். கிராம வாழ்வையும் சுகாதாரத்தையும் பயிர்ச்செய்கையையும் பாடத்தோடு பிணைத்த இத்திட்டம் கல்வியியல் நோக்கிற் சிறந்ததே. எனினும் பெற்றோர் இதனை முழுமனத்துடன் வரவேற்கவில்லை. உத்தியோகத்துக்கு வழி திறந்தது ஆங்கிலக் கல்வி. நகரத்துச் செல்வர் மக்கள் அதனைப் பெற, தம் மக்கள் மட்டும் மண்வெட்டி பிடிப்பதா என அவர்கள் ஐயுற்றனர். இதனை அறியாமை என ஒதுக்குதல் பொருந்தாது; ஏற்றத்தாழ்வை அனுபவத்தால் உணர்ந்தோரின் நியாயமான ஐயம் அது. 1945 ஆம் ஆண்டின் இலவசக் கல்வியை மக்கள் ஆர்வத்துடன் ஏற்றமையும் இதனையே உணர்த்தும். 1972 ஆம் ஆண்டின் சீர்திருத்தம் இடைநிலை வகுப்புகளிற் புகுத்திய தொழின்முன்னிலைப் பாடங்களும் இத்தகைய ஐயத்துக்குள்ளாகி, 1977 ஆம் ஆண்டின் ஆட்சிமாற்றத்தின் பின் கைவிடப்பட்டன.

தோட்டமின்றிக் கனியை மட்டும் வழங்கினால் என்ன நிகழும் என்பதற்கு இங்கிலாந்து சான்றாகும். அங்கு 2004 ஆம் ஆண்டு முதல் அரச பாடசாலைகளில் நான்கு முதல் ஆறு வயது வரையான பிள்ளைகளுக்கு நாள்தோறும் ஒரு பழமோ மரக்கறியோ இலவசமாக வழங்கும் திட்டம் நாடெங்கும் விரிவடைந்தது. லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் 2007 ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, முதல் மூன்று மாதங்களிற் பிள்ளைகள் பழமுண்ணல் அதிகரித்தது. ஏழாம் மாதத்தில் அவ்வதிகரிப்புக் குறைந்தது. திட்டத்துக்குரிய வயதைக் கடந்தபின் அது மறைந்தது. கையிற் கொடுத்தல் வேறு, பழக்குதல் வேறு என்பது இதனாற் பெறப்படும்.

எனவே ஈழத்து அனுபவமும் ஆங்கில அனுபவமும் வெவ்வேறு குறைகளைக் காட்டுகின்றன. முன்னதிலே தோட்டம் இருந்தது. ஆனால் அது குழந்தையின் உணவுக்காக அமையவில்லை. பின்னதிற் கனி இருந்தது; அது விளைந்த மண்ணோடு குழந்தைக்கு உறவில்லை. தான் நட்ட கீரையைத் தான் பறித்து, தோழரோடு பகிர்ந்துண்ணுங் குழந்தையிடத்தே இவ்விரு குறைகளும் நீங்க இடமுண்டு. ஆனால் அத்தோட்டம் கிராமத்து ஏழைப் பிள்ளைக்கு மட்டும் உரியதாகாது நகரத்துப் பெரிய கல்லூரிகளிலும் இடம்பெறுதல் வேண்டும். மண்வெட்டி எல்லோர் கைக்கும் வரும் நாளிலேதான் பெற்றோரின் பழைய ஐயம் தீரும்.