எந்தப் புதூர்?

அருப்புக்கோட்டையிலிருந்து விளாத்திகுளம் போகும் பஸ்ஸில் “புதூர் ஒண்ணு” என்றால் கண்டக்டர் மறுபேச்சில்லாமல் டிக்கெட்டைக் கிழிப்பார். அதையே மதுரையில் சொன்னால் கோ.புதூரில் இறக்கிவிடுவார்கள். சென்னையிலோ அசோக் நகர் புதூரா, அம்பத்தூர் புதூரா என்று கேள்வி வரும்.

புதுமையோடு ஊர் சேரும்போது ‘மை’ கெட்டுத் தன்னொற்று இரட்டினால் புத்தூர். இரட்டாமல் உகரம் மட்டும் ஓடினால் புதூர். மூத்த ஊர்கள் இரட்டிய வடிவையே வைத்திருக்கின்றன: அப்பர் பாடிய கடுவாய்க்கரைப்புத்தூர், ஆண்டாளின் ஸ்ரீவில்லிபுத்தூர், நிலாவரைக் கிணறு உள்ள யாழ்ப்பாணத்துப் புத்தூர். புதூர் பேச்சுவழக்கின் பிள்ளை. கன்னடத்தில் இதுவே ஹொசூரு, நமக்கு ஓசூர்.

கடல் கடந்தாலும் கதை இதுதான். பினீசியர் மொழியில் கார்த்தேஜ் என்றாலே புது நகரம். கார்த்தேஜ்காரர்கள் ஸ்பெயினிலும் அதே பெயரில் ஒன்று கட்ட, ரோமானியர் அதைப் ‘புதிய கார்த்தேஜ்’ என்றார்கள். அதாவது, புதுப்புதூர்!

புதிது என்றால் எதற்குப் புதிது? அதைச் சொல்லாமல் இந்தப் பெயர் பெரும்பாலும் தனித்து நிற்காது. முன்னால் ஓர் எழுத்து ஒட்டிக்கொள்ளும். கோ.புதூரின் ‘கோ’ கோசாகுளம். தொழிற்பேட்டையும் லூர்து அன்னை ஆலயமும் நெருக்கடியான தெருக்களுமாக மாநகருக்குள் கரைந்துவிட்ட அந்தப் பகுதியில், குளத்தின் பெயர் அந்த ஒற்றை எழுத்தில் ஒளிந்திருக்கிறது. விளாத்திகுளம் புதூர் வி.புதூர் ஆனது வேறு கணக்கு. மற்ற புதூர்களிலிருந்து பிரித்தறிய வட்டத் தலைநகரின் பெயர் துணைக்கு வந்தது.

இந்தப் புதூர் இன்று பேரூராட்சி, ஒன்றியத் தலைமையிடம். மிளகாயும் மல்லியும் விளையும் மானாவாரி பூமி. மழை பெய்தால் செருப்படியில் கரிசல் அடையடையாக ஏறும். கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஈரத்தில் உப்பிக் காய்ச்சலில் சுருங்கும் இந்த மண், மேலோட்டமாகப் போட்ட சுவரைப் பிளந்துவிடும். அதனால் அஸ்திவாரத்தை ஆழத் தோண்டி மணல் நிரப்பித்தான் வீடு எழுப்புவார்கள். கரிசலில் புது ஊர் போடுவது லேசான காரியமல்ல. பெயரில் கொஞ்சம் பெருமை இருந்தால் அது நியாயமே.

இப்போது மனைப்பிரிவுகளுக்கு நகர், கார்டன், அவென்யூ என்று பெயர் வைக்கிறோம். எந்த ஊரிலிருந்து பிரிந்தது என்ற தடயம் அவற்றில் இல்லை. உங்கள் ஊரும் ஒரு புதூர் என்றால், அது எந்த ஊருக்குப் புதுசு என்று வயசாளிகளிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.