பழைய தட்டுக்கும் பரீட்சை உண்டு



தோட்டத்தில் பழைய பால்மரத்தை வெட்டுவதற்கு முன் பட்டையைப் பார்ப்பார்கள். இன்னும் பால் தருமா என்று தெரிந்துகொள்வார்கள். வெட்டிய மரமும் வீணாவதில்லை, மேசையாகும், நாற்காலியாகும். வீட்டு மூலையில் ஓய்ந்து கிடக்கும் கணினியின் ஹார்ட் டிஸ்குக்கும் இதே நியாயம்தான். அதன் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போமா?

அமெரிக்காவில் ரேனால்டு ஜான்சன் என்றொரு பள்ளி ஆசிரியர் இருந்தார். தேர்வு விடைத்தாள்களைத் திருத்தும் இயந்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஐ.பி.எம். நிறுவனம் 1934இல் அவரை வேலைக்கு அழைத்துக்கொண்டது. அவர் தலைமையில் உருவாகி 1956இல் வெளிவந்ததுதான் முதல் ஹார்ட் டிஸ்க். இரண்டடி அகலத்தில் 50 தட்டுகள்! எடையோ ஒரு டன்னுக்கு மேல்! அடங்கியதோ 50 லட்சம் எழுத்துகளே. 1980இல் சீகேட் நிறுவனம் அதே அளவைக் கையில் தூக்கும் சிறு பெட்டிக்குள் அடக்கியது. 1982இல் அந்நிறுவனம் சிங்கப்பூருக்கு வந்தது. பின்னர் பினாங்கிலும் இத்தொழில் வேரூன்றியது. ஆக, நம் வட்டாரத்துக் கைகள் பூட்டிய பொருள் இது.

விலை மலிந்தது, பழையதும் குவிந்தது. அங்கேதான் வந்தது ஆபத்து. அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர் இருவர் 158 பழைய டிஸ்குகளை விலைக்கு வாங்கிச் சோதித்து, 2003இல் முடிவை வெளியிட்டார்கள். வேலை செய்தவை 129. அவற்றில் முறையாக அழிக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே! மற்றவற்றில் பலரது சொந்தக் கடிதங்கள், மருத்துவ விவரங்கள், கடன் அட்டை எண்கள் எல்லாம் அப்படியே இருந்தன.

“நாங்கதான் அழிச்சிட்டோமே!” என்பீர்கள். பதிவேட்டில் பேரை அடித்துவிட்டால் பிள்ளை வகுப்பைவிட்டுப் போய்விடுமா? சாதாரணமாக அழிப்பதும் அப்படித்தான். பெயர்தான் போகும், விஷயம் உள்ளேயே இருக்கும்.

ஆகவே, முதலில் வேண்டியதை வேறிடத்தில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். “டக், டக்” என்று சத்தம் வந்தால் மேலும் ஓட்டாதீர்கள். பிறகு பரீட்சை வையுங்கள். 1990களில் வந்த ‘ஸ்மார்ட்’ என்னும் ஏற்பாட்டால், டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கிறது. எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை இடங்கள் கெட்டு மாற்றப்பட்டன என்று அதில் பார்க்கலாம். கெட்ட இடங்கள் பெருகிக்கொண்டே போனால் நம்பாதீர்கள். குறிப்பு நன்றாக இருந்தாலும் முதலிலிருந்து கடைசிவரை முழுவதும் படித்துப் பார்க்கச் செய்யுங்கள். ஏனென்றால், பழுதான டிஸ்குகளில் பாதிக்கு மேற்பட்டவை முக்கியமான நான்கு குறிப்புகளில் எதிலும் அறிகுறி காட்டவில்லை என்று கூகுள் நிறுவனத்தின் 2007ஆம் ஆண்டு ஆய்வு கண்டது.

தேறியதா? முழுத் தட்டின் மீதும் புதிதாக எழுதிப் பழையதை மறைத்து, ஓர் ஏழைப் பிள்ளையின் கணினிக்குக் கொடுங்கள். தேறவில்லையா? மின்கழிவு எடுப்பவரிடம் ஒப்படையுங்கள். ஆனால் தட்டைத் துளையிட்டோ உடைத்தோ கொடுங்கள். அதிலுள்ள அலுமினியமும் காந்தமும் மறுபடி பயன்படும். குப்பையோடு போட்டுக் கொளுத்திடாதீங்க!

மாணவச் செல்வங்களே! பரிசு வாங்கும் இந்நாளில் ஒன்றை நினைவில் வையுங்கள். பழையது என்பதற்காக எதையும் தள்ளக் கூடாது. சோதிக்காமல் எதையும் நம்பவும் கூடாது.