350 கிணறுகள்: திண்டுக்கல் தோல் ஷாப்புகளும் நாம் தூங்கி வழியும் ஒரு பயிற்சி வகுப்பும்

திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் என்று இரண்டு ஒன்றியங்கள். அதில் 13 கிராமங்கள். குடிக்கவும் பாசனத்துக்கும் இருந்த கிணறுகள் மொத்தம் 467. அதில் 350 கிணறு கெட்டுப்போச்சு.

இது நானா சொல்ற கணக்கு இல்லைங்க. ஒரு தன்னார்வ அமைப்பு ஊர் ஊராக எடுத்த கணக்கு. 1996-ல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புக்குள்ளேயே இதை எடுத்து எழுதியிருக்கு. குடிதண்ணிக்காகப் பெண்களும் குழந்தைகளும் மைல் கணக்கில் நடக்கிறாங்கன்னு அதே பத்தியில் இருக்கு. (இணையத்தில் கிடைக்கிற தீர்ப்பு நகலில் ரெட்டியார்சத்திரம் 'பெட்டியார் சத்திரம்' ஆகியிருக்கும். நம்ம ஊர் பேரு டெல்லி போய்ச் சேர்றதுக்குள்ள இப்படி ஆயிடுது.)

இதை இப்ப ஏன் சொல்றேன்?

ஃபேக்டரியிலோ ஆஸ்பத்திரியிலோ வேலை பார்க்கிறவங்களுக்கு 'அபாயகரமான கழிவு மேலாண்மைப் பயிற்சி'ன்னு ஒன்று நடக்கும். ஒரு ஹால், ஒரு புரொஜெக்டர், டீ, பிஸ்கட், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, கடைசியில் ஒரு சான்றிதழ். மூணாவது ஸ்லைடுக்குள் பாதிப் பேர் தூங்கிடுவாங்க. அந்த ஸ்லைடில் இருக்கிற விதிகள் எங்கிருந்து வந்துச்சுன்னு யாரும் சொல்றதில்லை. அதில் ஒரு முக்கியமான பகுதி நம்ம திண்டுக்கல் வழியா வந்தது. கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

திண்டுக்கல்லுக்குத் தோல் தொழில் புதுசு இல்லை. பூட்டு, சுருட்டு மாதிரி இதுவும் பழைய தொழில். அப்போதெல்லாம் ஆவாரம் பட்டை, கடுக்காய் வைத்துத்தான் பதனிடுவாங்க. ஒரு தோல் தயாராக வாரக்கணக்கில் ஆகும். சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கி நின்று வேலை பார்க்கணும். அந்தத் தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்ட கதையைத்தான் திண்டுக்கல்லில் வாழ்ந்த எழுத்தாளர் டி. செல்வராஜ் 'தோல்' என்று நாவலாக எழுதினார். 2012-ல் சாகித்ய அகாடமி விருது வாங்கிய நாவல். படிக்காதவங்க கட்டாயம் படிங்க.

அந்தக் காலத்திலும் தோல் ஷாப்புன்னா நாற்றம்தான், கஷ்டம்தான். அதை நான் பொற்காலம்னு சொல்ல மாட்டேன். ஆனா பெரிய மாற்றம் 1970-களில் வந்தது. அதுவரை இங்கிருந்து பாதி பதனிட்ட தோல்தான் வெளிநாட்டுக்குப் போச்சு. அதை ஷூவாகவும் பையாகவும் மாற்றி லாபம் பார்த்தது அவங்க. 'முழுசா முடிச்ச தோலா ஏற்றுமதி பண்ணுங்க'ன்னு சீதாராமையா கமிட்டி சொன்னது. 1973-லிருந்து பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது.

நாட்டுக்கு அந்நியச் செலாவணி, நல்ல முடிவுதான். ஆனா முழுசா முடிக்கணும்னா குரோம் முறை வேணும், சாயம் வேணும், அமிலம் வேணும். அந்தக் கழிவுநீர் எங்கே போகும்னு அன்றைக்கு யாரும் திட்டம் போடலை. அது போன இடம், முதல் வரியில் சொன்ன கிணறுகள்.

ஒரு கிலோ முடிச்ச தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகுது, குரோம் முறையில் சுமார் 170 வகை ரசாயனங்கள் பயன்படுதுன்னு அதே தீர்ப்பு சொல்லுது. குரோமியம் பேரைக் கேட்டதும் எல்லாருக்கும் புற்றுநோய் பயம் வரும். ஒரு சின்ன விளக்கம். குரோமியம் 3, குரோமியம் 6 என்று இரண்டு வடிவம் உண்டு. தோல் பதனிடப் பயன்படுறது 3. புற்றுநோயோடு நேரடித் தொடர்பு உள்ளது 6. தோல் ஷாப்பில் நாள்பட வேலை பார்க்கிறவங்க கையில் வர்ற ஆறாத அரிப்புக்கும் வெடிப்புக்கும் குரோமிய ஒவ்வாமை ஒரு முக்கியக் காரணம்.

கிணற்றைக் கெடுத்ததில் பெரிய பங்கு அதைவிடச் சாதாரணமான ஒரு பொருளுக்கு: உப்பு. பச்சைத் தோல் அழுகாம இருக்க உப்பைக் கொட்டித்தான் கொண்டு வருவாங்க. அதை ஷாப்பில் கழுவும்போது உப்பு முழுக்கத் தண்ணிக்கு வந்துடும். குடிதண்ணியில் கரைந்த உப்புக்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்கணும், வேற வழியே இல்லேன்னா 2000 வரைக்கும் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதுக்கு மேல போனா வாயில் வைக்க முடியாது, தென்னை காயும், நெல் வராது.

சரி, சட்டம் என்ன பண்ணுச்சு? தண்ணீர் மாசு தடுப்புச் சட்டம் 1974-லேயே வந்தாச்சு. தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது 1982-ல். நடுவில் எட்டு வருஷம். 1984 டிசம்பரில் போபால். ஒரே ராத்திரியில் ஆயிரக்கணக்கில் செத்தாங்க. அதுக்கப்புறம்தான் 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, ஆபத்தான தொழிலில் இருக்கிற தொழிலாளிக்கு அந்த ஆபத்தைப் பற்றிய தகவலைச் சொல்லியே ஆகணும்னு கொண்டு வந்தாங்க. 1989 ஜூலையில் அபாயகரமான கழிவு விதிகள். இந்தியாவில் 'அபாயகரமான கழிவு'ங்கிற சொல்லுக்குன்னே தனி விதி வந்தது அப்பதான்.

விதி வந்துச்சு, கழிவுநீர் நிற்கலை. 1991-ல் வேலூர் குடிமக்கள் நலச் சங்கம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு வேலூர் பேரில் இருந்தாலும் அதில் ஐந்து மாவட்டங்கள் இருந்தன. தீர்ப்பில் அந்தப் பெயர்களைப் பாருங்க: வட ஆற்காடு அம்பேத்கர், ஈரோடு பெரியார், திண்டுக்கல் அண்ணா, திருச்சி, செங்கை எம்ஜிஆர். அன்றைக்கு மாவட்டங்களுக்குத் தலைவர்கள் பெயர் இருந்தது. அந்தப் பெயர்களோடு தோல் கழிவும் சேர்ந்து நீதிமன்ற ஆவணத்தில் ஏறியிருக்கு, பாவம்.

1996 ஆகஸ்ட் 28. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு. சேதம் வர்றதுக்கு முன்னாடியே தடுக்கணும். கெடுத்தவரே இழப்பீடு கொடுத்துச் சரி பண்ணவும் செலவு பண்ணணும். இந்த இரண்டு கொள்கையும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதிதான்னு சொன்ன தீர்ப்பு இது. சட்டக் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகளைக் கேளுங்க, மனப்பாடமா சொல்வாங்க. ஐந்து மாவட்டங்களில் இருந்த ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதம். நவம்பர் 30-க்குள் சுத்திகரிப்பு ஏற்பாடு இல்லேன்னா மூடணும்.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, திண்டுக்கல்லுக்கும் வந்தது. ஆனா சாதாரணச் சுத்திகரிப்பில் கலங்கல் போகும், நாற்றம் குறையும், உப்பு போகாது. அதுக்குச் சவ்வு வடிகட்டி வேணும், மிச்சத்தைக் காய்ச்சி வற்ற வைக்கிற இயந்திரம் வேணும். கரன்ட் பில் எகிறும். அதெல்லாம் பண்ணின பிறகும் கடைசியில் உப்பு மூட்டையும் குரோமியம் கலந்த சேறும் மிஞ்சும். தண்ணியில் இருந்த விஷம் சேறாக மாறி நிற்குது. சட்டப்படி இந்தச் சேறுதான் இப்போ 'அபாயகரமான கழிவு'. 90 நாளுக்கு மேல் வளாகத்தில் வைத்திருக்கக் கூடாது. லாரியில் ஏற்றினா ஏழு பிரதி எழுதணும், ஒவ்வொரு பிரதியும் ஒவ்வொரு கலர். பயிற்சியில் உங்களை எரிச்சல்படுத்துற அந்தக் கலர் தாள்கள் இதுக்குத்தான். லாரி ராத்திரியில் ஏதாவது ஓடையில் கொட்டிட்டு வந்தா, எந்தக் கையில் தாள் நின்னுச்சுன்னு கண்டுபிடிக்க.

நிலத்தடி நீர் என்ன ஆச்சு? ஹைதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்து விஞ்ஞானிகள் மேல் குடகனாற்றுப் படுகையில், சுமார் 80 தோல் ஷாப்புகள் இருந்த பகுதியை ஆராய்ந்து கணினியில் மாதிரி போட்டுப் பார்த்தாங்க. 2009-ல் வெளியான முடிவு இது: கலக்கிற கழிவைப் பாதியாகக் குறைத்தாலும், 20 வருஷம் கழித்தும் நிலத்தடி நீரின் உப்பு பாதியாகக்கூடக் குறையாது. மருந்து கொடுத்தா மூணு நாளில் காய்ச்சல் இறங்குற மாதிரி நிலம் இறங்காதுங்க.

இப்போ பயிற்சிக்கு வரேன். 2016 விதிகளில் ஒரு வரி இருக்கு. கழிவு கையாளும் இடத்தில் வேலை பார்க்கிறவங்களுக்குத் தகுந்த பயிற்சி, உபகரணம், பாதுகாப்புக்கான தகவல் மூன்றையும் நிறுவனம் கொடுக்கணும். வேலை பார்க்கிறவங்கன்னா யாரு? ஹாலில் உட்கார்ந்திருக்கிறது சூப்பர்வைசரும் நிரந்தர ஊழியரும். தொட்டிக்குள் இறங்குறது கான்ட்ராக்ட் ஆள்.

ஆஸ்பத்திரியிலும் இதே கதைதான். மருத்துவக் கழிவுப் பயிற்சியை வருஷத்துக்கு ஒருமுறையாவது கொடுக்கணும்னு விதி. மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம்னு டாக்டருக்கும் நர்ஸுக்கும் வகுப்பு நடக்கும். பையைக் கட்டித் தூக்கிட்டுப் போற அக்காவுக்கு, நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், கையுறையே அளவு சேராம இருந்தது. அவங்க பேர் பயிற்சிப் பதிவேட்டில் கிடையாது.

2015 ஜனவரி 31, ராணிப்பேட்டை. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் அதிகாலையில் இடிந்து, பக்கத்து ஷாப்பில் தூங்கிட்டிருந்தவங்க மேல் சேறு பாய்ந்தது. பத்துப் பேர் இறந்தாங்க. பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவங்க. தொட்டியில் எவ்வளவு சேறு தேங்கி இருக்கு, அது எவ்வளவு தாங்கும்னு அவங்களுக்கு அவங்க மொழியில் யாராவது சொல்லியிருப்பாங்களா?

டாக்டரா நான் அதிகம் பயப்படுறது தொட்டிக்குள் இருக்கிற வாயுவுக்கு. முடி நீக்க சோடியம் சல்பைடு போடுவாங்க. அதோடு அமிலம் கலந்தா ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம். காற்றைவிடக் கனம், அதனால் தொட்டி அடியிலேயே படுத்துக் கிடக்கும். இதில் கொடுமை என்னன்னா, அளவு கூடும்போது மூக்கு மரத்துப்போயிடும். 'இப்போ நாற்றம் இல்லையே'ன்னு இறங்குறவர் அதிக ஆபத்துக்குள் இறங்குறார். நிறைய உள்ளே போனா ஒன்றிரண்டு மூச்சில் ஆள் சாய்ந்துடுவார். அவரைத் தூக்க அண்ணன் இறங்குவார், அவரைத் தூக்க இன்னொருத்தர். ஆஸ்பத்திரிக்கு மூணு பேரா வருவாங்க.

1700-ல் ராமஸ்ஸினி என்கிற இத்தாலிய டாக்டர் தொழில் நோய்களுக்குன்னே ஒரு புத்தகம் எழுதினார். நோயாளியிடம் 'என்ன வேலை பார்க்கிறீங்க?'ன்னும் கேளுங்கன்னு சக டாக்டர்களுக்குச் சொன்னவர். தோல் பதனிடுறவங்களைப் பற்றியும் அதில் எழுதியிருக்கார். 300 வருஷம் தாண்டியும் ஓபி சீட்டில் அந்தக் கேள்விக்குக் கட்டம் கிடையாது.

இழப்பீடு? தீர்ப்புக்குப் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஆணையம் அமைந்தது. வேலூர் மாவட்டத்துக்கு மட்டும் 2001-ல் அது போட்ட கணக்கு: பாதிக்கப்பட்டவர்கள் 29,193 பேர், இழப்பீடு 26.82 கோடி. சராசரி பார்த்தா ஆளுக்கு 9,200 ரூபாய்கூட இல்லை. அதுவும் முழுசாப் போய்ச் சேரலை. 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி அதே விஷயத்துக்கு உத்தரவு போட வேண்டி வந்தது.

உங்களால் செய்ய முடிந்தது இரண்டு. தொட்டியிலோ கிணற்றிலோ ஒருத்தர் மயங்கி விழுந்தா நீங்க இறங்காதீங்க. 101-க்கும் 108-க்கும் போன் பண்ணுங்க. சுவாசக் கருவி இல்லாம எந்த வீரனும் உள்ளே போகக் கூடாது. இரண்டாவது, ஆபத்தான ரசாயனம் கையாளும் ஃபேக்டரி வாசலில் என்ன ரசாயனம், எவ்வளவு, கழிவுநீர், கழிவு எவ்வளவுன்னு ஊருக்குத் தெரியும்படி போர்டு வைக்கணும்னு 2003 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கு. உங்க ஊர்ப் பக்கம் கேட் வாசலில் அந்த போர்டு இருக்கான்னு பாருங்க. இல்லேன்னாலோ, எழுத்து வெயிலில் வெளுத்து அளவு எழுதுற கட்டம் காலியாக இருந்தாலோ, ஒரு போட்டோ எடுத்து மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் திண்டுக்கல் அலுவலகத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்க. ஒப்புகைச் சீட்டு வாங்காம வந்துடாதீங்க.